ராத்திரியில் மட்டும் இறங்கிய டீசல் முள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் கம்பத்து வாசகர் ஒருவரின் கேள்வி வந்திருந்தது. அவருடைய பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் டீசல் முள் பகலில் ஒழுங்காக நிற்கிறதாம். ராத்திரி மலையிறங்கி வந்தால் மளமளவென்று கீழே போய்விடுகிறதாம். மீட்டர் செட்டையும் டேங்க்குக்குள் இருக்கும் மிதவையையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்லி பதில் போட்டிருந்தீர்கள். பதில் எழுதியவர் வேலை தெரிந்தவராகத்தான் இருப்பார். ஆனால் கேள்வியில் இருந்த ‘ராத்திரி’ என்ற சொல்லை அவர் தாண்டிப் போய்விட்டார். நானும் ஒரு தடவை அப்படித்தான் தாண்டிப் போனேன். அதில் எனக்கு நஷ்டமானது ஒரு மிதவையின் விலை மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நீளமாகத்தான் எழுதுகிறேன். வெட்டிப் போடுவதானால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. குடியிருப்பது போடியில். காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் பச்சை ஜீப் ஒன்று எங்களுடையது. 1998இல் என் வீட்டுக்காரர் வாங்கியது. 2021இல் அவர் தவறிய பிறகு தோட்டத்துக் கணக்கு, காய் ஏலத்துக்குப் போடுவது, ஜீப்புக்கு டீசல் என்று எல்லாம் என் தலையில் வந்தது. தோட்டம் எனக்குத் தெரியும். கல்யாணமான வருடத்திலிருந்து காய் பறிக்கப் போனவள்தான். ஜீப்தான் தெரியாது. ஏறி உட்காருவேன், இறங்குவேன், அவ்வளவுதான்.

ஜீப்பை ஓட்டியவர் எங்களிடம் பதினேழு வருடம் இருந்தவர். பெயர் வேண்டாம். என்னை அக்கா என்பார், வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார். காலையில் சாவி போடுவதற்கு முன்னால் டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். எங்கள் ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப்பிலும் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில்தானாம். சண்டைக்குப் போனவன் 57 லிட்டர் பெட்ரோல் மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான் பார் என்று வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். எங்களுடையது 40 லிட்டர் டேங்க். குச்சியில் ஐந்து ஐந்து லிட்டருக்கு ஒரு வெட்டு, கத்தியால் போட்டது.

2023 சித்திரையில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி வாங்க வேண்டும் அல்லவா, அதற்காகத் தகரம் தட்டி, ஒட்டுப் போட்டு, மேலும் கீழும் பெயின்ட் அடித்தோம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக்கூடக் கறுப்பு அடித்துத் தந்தார்கள். புது வண்டி மாதிரி வந்து நின்றது. எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனி மாதம் சந்தேகம் ஆரம்பித்தது. காலையில் பங்க்கில் டீசல் போட்ட பில்லை வாங்கி வைக்கும்போது முள்ளைப் பார்ப்பேன், முக்காலில் நிற்கும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் ஜீப் வாசலுக்கு வரும். கேட்டைத் திறந்துவிடும்போது எட்டிப் பார்ப்பேன், முள் காலுக்குப் பக்கத்தில் கிடக்கும். போய்வரும் தூரம் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். மலை ரோட்டுக்கு எங்கள் ஜீப் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கொடுக்கும். ஏழெட்டு லிட்டர்தான் ஆக வேண்டும். முள் கணக்குப்படி இருபது லிட்டர் போயிருக்கிறது. மீதி எங்கே?

கேட்டேன். “மழைக்கு உள்ரோடு பூரா சேறுக்கா, ஃபோர் வீல் லோவுலதான் ஏத்துறேன், கொஞ்சம் கூடக் குடிக்கும்” என்றார். அது உண்மைதான் என்று இப்போது தெரியும். லோ கியரில் இன்ஜின் கத்துகிற அளவுக்கு வண்டி நகராது. தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு லிட்டர் கூடலாம், பன்னிரண்டு லிட்டரா என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். “குச்சி விட்டுப் பாருங்கக்கா, டீசல் இருக்கு” என்றார். “குச்சியும் உன் குச்சிதானே தம்பி” என்று சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையில் பார்த்தால் முள் அரைக்கு மேல் ஏறி நிற்கும்! ராத்திரி இறங்கிய டீசல் காலையில் எப்படி ஏறும் என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘கண்டுபிடித்துவிட்டாள் என்று பயந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கேனில் கொண்டுவந்து ஊற்றி வைத்துவிட்டான்’ என்று நினைத்தேன். ஒரு தடவை சந்தேகப்பட்டுவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து வைத்ததும் திருட்டுக்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது.

ஆடி முதல் வாரம் அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “வேற ஆள் பாத்துக்கங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சத்தம் எதுவும் போடவில்லை.

புது ஆள் வந்தார். பத்து நாள் ஆயிற்று, அவர் ஓட்டி வந்தாலும் முள் அதே மாதிரிதான் இறங்கியது. இவரும் எடுக்கிறாரா என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டு, அப்புறம்தான் எனக்கே வெட்கமாக வந்தது. சரி, வண்டியில்தான் கோளாறு என்று ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பகலில் கொண்டுபோய் விட்டேன் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள், முள் சரியாக நின்றது. “ராத்திரியானா இறங்குதுங்க” என்றேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, “டேங்க் யூனிட் போயிருக்கும்மா, மாத்திரலாம்” என்றார். மிதவையும் அதன் கையும் கரண்டைக் குறைக்கும் தடைக்கம்பியும் சேர்ந்த அந்தச் சாமானைத்தான் டேங்க் யூனிட் என்கிறார்கள். மாற்றினார்கள். கூலியோடு 2,300 ரூபாய். பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாற்றிய சாமானைக் கையோடு வாங்கிவர வேண்டும் என்பது பழைய டிரைவர் சொல்லிக் கொடுத்த வழக்கம். அந்த ஒன்றுதான் பின்னால் உதவியது.

புது யூனிட் போட்ட பிறகு முள் ராத்திரியும் அவ்வளவு கீழே போகவில்லை. ரொம்ப நிம்மதி. பகலில் எவ்வளவு ஓடினாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவே இல்லை என்பது மட்டும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. குச்சி ஒரு மூலையில் கிடந்தது.

ஆவணியில் ஒரு நாள், காய் பறிக்கும் சுற்று. பெண்கள் எட்டுப் பேர், நானும் முன்னால். போடிமெட்டு ரோட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். ஒரு வளைவில் திரும்பி நிமிர்ந்ததும் இன்ஜின் இருமியது, இரண்டு தடவை இழுத்தது, நின்றுவிட்டது. முள் கால் டேங்க்குக்கு மேலே சும்மா நிற்கிறது. டிரைவர் பிரேக்கை மிதித்தார், வண்டி நின்றது. மறுபடி மிதித்தார், நின்றது. மூன்றாவது மிதிக்குப் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஜீப் மாதிரியான டீசல் வண்டிகளில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றி, காற்றை உறிஞ்சும் சின்ன வேக்குவம் பம்ப் இருக்கிறது. காலுக்குத் துணையாகப் பிரேக்கை அழுத்தித் தருவது அதுதான். இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பிரேக் பிடிக்காது என்றில்லை, முழுப் பலத்தையும் கொடுத்து மிதித்தால்தான் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு நிறுத்தினோம். பின்னால் இருந்த பெரியம்மா ஒருத்தி யாரும் சொல்லாமலே குதித்திறங்கி ரோட்டோரக் கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். மலைக்காரி.

மேலே போன ஜீப்காரர் ஒருவர் கேனில் ஐந்து லிட்டர் தந்தார். ஊற்றினால் உடனே கிளம்பவா செய்கிறது? டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் லைன் பூரா காற்று அடைத்திருக்கும். ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்ப்பை அடித்து, நட்டை இளக்கி, நுரை வந்து நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை விட வேண்டும். முக்கால் மணி நேரம். அதற்குள் பறிக்கப் போன நேரம் போயிற்று, எட்டுப் பேர் வாயிலும் நான் விழுந்தேன். “எல்லாம் அந்தத் தம்பி இருந்தா நடக்குமா” என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலமே வண்டியை எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். வயது எழுபதுக்கு மேல், வீட்டுக்காரரின் சேக்காளி, இப்போது கண் சரியில்லை என்று கடையை மகனிடம் விட்டுவிட்டார். முதலிலேயே இவரிடம் போயிருக்கலாம். பழக்கப்பட்டவர், காசு வாங்க மாட்டார் என்ற கூச்சத்தில்தான் போகாமல் இருந்தேன். அந்தக் கூச்சம் எவ்வளவு செலவு வைத்தது பாருங்கள்.

கதையை முழுக்கக் கேட்டார். ஸ்பேனரை எடுக்கவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார். ஒன்று: “டெம்பரேச்சர் முள் ஒழுங்கா இருக்கா?” இருக்கிறது என்றேன். பழைய வண்டிகள் பலவற்றில் மீட்டருக்குப் பின்னால் சின்னப் பெட்டி மாதிரி ஒரு ரெகுலேட்டர் இருக்குமாம். பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் டீசல் முள்ளுக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கும் ஒரே அளவாக அனுப்புவது அதன் வேலை. அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்துதான் பொய் சொல்லும். ஒன்று மட்டும் பொய் சொன்னால் ரெகுலேட்டர் மேல் சந்தேகம் வேண்டாம். இரண்டாவது கேள்வி: “ராத்திரின்னா, இருட்டுனதுக்கு அப்புறமா, லைட்டைப் போட்டதுக்கு அப்புறமா?”

நான் முழித்தேன். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

சாவியைப் போடச் சொன்னார், இன்ஜின் வேண்டாம் என்றார். எங்கள் ஜீப்பில் இருப்பது சூட்டில் வளையும் தகடு வைத்த பழைய மாதிரி மீட்டர், முள் சோம்பல் முறித்த மாதிரி மெல்லத்தான் எழும். அரைக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. ஹெட்லைட் சுவிட்சை இழுத்தார். முதலில் ஒன்றுமில்லை. பத்து எண்ணுவதற்குள் முள் நகர ஆரம்பித்தது, யாரோ நூல் கட்டிக் கீழே இழுக்கிற மாதிரி. அரைக்குக் கீழே வந்தது. “பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இரும்மா” என்றார். மிதித்தேன். இன்னும் இறங்கியது. காலை எடுத்தேன், லைட்டை அணைத்தார். முள் பேசாமல் மேலே ஏறி, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்த ஒவ்வொரு சாயங்காலமும் ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. வாசல் சரிவு என்பதால் டிரைவரின் கால் பிரேக்கில்தான் இருந்தது.

அண்ணன் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் உங்கள் வாகனப் பக்கத்துக்காரர் திருத்தட்டும். மீட்டரிலிருந்து கரண்ட் ஒரு வயர் வழியாக டேங்க் யூனிட்டுக்குப் போகிறது. அங்கே மிதவையின் கை நகரும்போது ஒரு தொடுமுனை தடைக்கம்பியின் மேல் வழுக்கிப் போகும். எங்கள் வண்டியில் டீசல் கூடினால் தடை குறையும், கரண்ட் கூடும், முள் ஏறும். அப்புறம் அந்தக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பும் வழிதான் எர்த். எங்கள் ஜீப்பில் டேங்க்கின் எர்த் வயரும், பின்பக்க லைட்டுகளின் எர்த் வயரும் சேஸிஸில் ஒரே போல்ட்டில் முறுக்கியிருந்தன. முள்ளுக்காக ஓடும் கரண்ட் ஒரு ஆம்பியரில் சின்னப் பங்குதான். பிரேக் லைட் பல்பு ஒவ்வொன்றும் 21 வாட். இரண்டும் எரிந்தால் மூன்றரை ஆம்பியர். வேலை முடிந்து ஜீப்பிலிருந்து எல்லாரும் ஒரே பின்கதவு வழியாக இறங்குகிற மாதிரிதான். கதவு முழுக்கத் திறந்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. பாதி மூடிக் கிடந்தால் பெரிய ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் மாட்டிய சின்னப் பிள்ளை வெளியே வர முடியாது.

அந்தக் கதவைப் பாதி மூடியது எது? நாங்கள் காசு கொடுத்து அடித்த கறுப்புப் பெயின்ட். போல்ட்டைக் கழற்றி, சேஸிஸுக்கு அடித்து, காய்ந்ததும் பெயின்ட்டின் மேலேயே வயர் வளையத்தை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அதோடு மழை, சேறு. ஃபோர் வீல் வண்டிக்கு அடிப்பக்கம் எப்போதும் ஈரம்தான், ஓடையில் இறக்கி ஏற்றுகிறோம்.

இதை வாயால் சொல்லி நம்ப வைக்கவில்லை அவர். நீள வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை டேங்க் யூனிட்டின் இரும்பு மூடியில் கடிக்க வைத்தார், மறுமுனையைப் பேட்டரியின் மைனஸில். மறுபடி லைட், மறுபடி பிரேக். முள் அசையவில்லை. வயரை எடுத்தார், இறங்கியது. வைத்தார், ஏறியது. ஒரு சாமானையும் கழற்றாமல் நோய் தெரிந்துவிட்டது. கடையில் இருந்த மகன் மல்டிமீட்டரை வைத்து டேங்க்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளந்து காட்டினான். லைட் மட்டும் எரியும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல், பிரேக்கும் சேர்ந்தால் மூன்றுக்குப் பக்கம். நல்ல எர்த் என்றால் அந்த இடத்தில் அநேகமாகப் பூஜ்யம்தான் காட்ட வேண்டுமாம்.

அப்புறம் நடந்ததெல்லாம் கால் மணி நேர வேலை. போல்ட்டைக் கழற்றி, வளையம் உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் இரும்பு மின்னும்வரை தேய்த்தான் பையன். வயரின் முனையை வெட்டிப் புது வளையம் போட்டான், பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கினான், மேலே கிரீஸ் தடவினான். பல் வாஷர் எதற்கு என்றால், முறுக்கும்போது அது இரும்பைக் கீறிக்கொண்டு பிடிக்கும். நாற்பது ரூபாய்ச் சாமான் இருக்கும். அண்ணன் காசு வாங்கவில்லை, நினைத்த மாதிரியே.

ஒர்க் ஷாப்பில் போட்ட புது யூனிட்டின் கதை தனி. ராத்திரி முள்ளை இறக்கிய போல்ட்டை அது எதுவும் செய்யவில்லை. முள்ளையே கொஞ்சம் மேலே தூக்கி வைத்து, கோளாறு சரியான மாதிரி காட்டிவிட்டது. நான் வாங்கி வைத்திருந்த பழையதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். தடையை ஓம் கணக்கில்தான் அளப்பார்கள். பழையதன் கையைக் கீழிருந்து மேலே தூக்கினால் சுமார் 75 ஓமில் ஆரம்பித்து 10 வரை ஒரே சீராக இறங்கியது. நடுவில் எங்கும் குதிக்கவில்லை. மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டினார், உள்ளே சத்தமில்லை. பித்தளை மிதவையில் விரிசல் விட்டு டீசல் உள்ளே போயிருந்தால் சளக் சளக்கென்று கேட்குமாம். சுடுதண்ணீரில் அமுக்கினாலும் குமிழி வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுமில்லை, நல்ல சாமான். புதியதோ 40க்குப் பக்கத்தில் ஆரம்பித்துக் கீழே போனது. அதாவது டேங்க் வறண்டு கிடந்தாலும் இது 40 ஓமுக்கு மேல் காட்டாது. எங்கள் மீட்டர் அதைப் பார்த்து, இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று நம்பும். மலையில் நின்றது அதனால்தான். அளவு பொருந்தினால் மட்டும் போதாது, ஓம் பொருந்த வேண்டும். உலகத்தில் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை என்றார் அண்ணன். அமெரிக்க வண்டிகளிலேயே சிலவற்றில் காலிக்குப் பூஜ்யம், நிறைந்தால் 90. வெளியில் விற்கும் மீட்டர் செட்டுகளில் காலிக்கு 240, நிறைந்தால் 33 என்பது சாதாரணம். ஒன்றின் மிதவையை இன்னொன்றில் போட்டால் நிரப்ப நிரப்ப முள் இறங்குகிற வேடிக்கைகூட நடக்கும். கடைக்காரர் “எல்லாத்துக்கும் சேரும்மா” என்று கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

பழையதையே திருப்பி மாட்டினார்கள், அடியில் புது ரப்பர் வைத்து. பெட்ரோல் வண்டியில் இந்த வேலையைச் செய்பவர்கள் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் டேங்க் யூனிட்டைத் திறக்க வேண்டும் என்று அண்ணன் அழுத்திச் சொன்னார். பீடியைக் காது மேல் சொருகிக்கொண்டு அவர் அதைச் சொன்னது வேறு விஷயம்.

லைட் போட்டாலும் போடாவிட்டாலும் முள் ஒரே மாதிரி தப்பாக நின்றால் எங்கள் வைத்தியம் பலிக்காது. அப்போது டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு முள் எங்கே போகிறது, டெஸ்ட் லாம்ப் வழியாக எர்த்தில் தொட்டால் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். எதிரெதிர்ப் பக்கம் ஓடினால் மீட்டரும் வயரும் நல்லது, கோளாறு டேங்க் பக்கம். அசையாவிட்டால் கோளாறு முன்பக்கம். அரை டேங்க்கில் மட்டும் முள் குதிக்கிறது என்றால் தடைக்கம்பி அந்த இடத்தில் தேய்ந்திருக்கும். நம் ஊரில் அரைக்கு மேல் யார் நிரப்புகிறோம், மிதவை பாவம் கீழ்ப்பாதியிலேயே உழன்று தேய்கிறது. கம்ப்யூட்டர் வைத்த இப்போதைய வண்டிகளில் நாமாக வயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்க்கக் கூடாதாம், ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் முள் ஆடுவது நோயில்லை, டேங்க்குக்குள் டீசல் சாய்கிறது. சமதளத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பழைய டிரைவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதில் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் சம்சாரம் டீ போட்டுக் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். எர்த் பிடிக்கவில்லை தம்பி, அதனால்தான் முள் இறங்கியிருக்கிறது என்று ஒருவழியாகச் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர், “எந்த போல்ட்டுக்கா?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெயின்ட் அடிச்சு வந்த வாரமே பின்னாடி லைட்டு மங்கலா எரியுதுன்னு சொன்னேனேக்கா. நீங்க பல்பை மாத்தச் சொன்னீங்க. மாத்தினேன்.”

சொன்னார்தான். பல்பு இரண்டுக்கும் பில் என் நோட்டில் இருக்கிறது, வைகாசி மாதக் கணக்கில். பின் லைட் மங்கியதும் முள் இறங்கியதும் ஒரே போல்ட்டின் வேலை என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பார்த்ததைச் சொன்னார். காதில் போட்டுக்கொள்ளாமல் பல்பு வாங்கக் காசு கொடுத்தது நான்.

திரும்ப வரச் சொன்னேன். வேறொரு தோட்டத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பாதியில் விட முடியாது என்றார். அது நியாயம்தான். தீபாவளிக்குப் பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனார். குச்சியை மட்டும் எடுத்துப் போகவில்லை. இப்போது காலையில் சாவி போடும் முன்னால் நான் அதை விட்டுப் பார்க்கிறேன். புது டிரைவருக்கு அது பிடிக்கவில்லை, தன்மேல் சந்தேகம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. அதனால் போன மாதத்திலிருந்து அவரையே விட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டேன்.

ஐயா, அந்தக் கம்பத்து வாசகர் மீட்டர் செட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்குள் இது அச்சில் வந்தால் நல்லது. வண்டியை நிழலில் நிறுத்தி, சாவியைப் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு முள்ளையே ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கினால் வண்டிக்குப் பின்னால் போய் லைட் மங்கலாக எரிகிறதா என்றும் பார்க்கட்டும். அவரிடம் டிரைவர் யாராவது இருந்தால், அந்த நேரத்தில் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டக்காரி ஒருத்தி,
போடிநாயக்கனூர்